கோட்டுக்கு வெளியே ஒரு படம்

"இந்தப் பெட்டியைத் திருத்து, திருத்து எண்டு எத்தினை தரம் சொல்லீட்டன் கிருசா! பாக்கிற சனம் என்ன நினைக்கும்?"

சிவமலர் கைபேசியை மகளின் முகத்துக்கு நேரே நீட்டினாள். ஜன்னலுக்குக் கீழே, அந்த இத்தாலிய நகரத்தின் பல்லாரோ சந்தையில் மீன்காரன் தொண்டை கிழியக் கத்திக்கொண்டிருந்தான். எசமானி சிஞ்ஞோராவின் வீட்டில் அம்மா செய்யும் வேலைக்கு ஞாயிறு விடுமுறை. அம்மாவின் வாய்க்கு ஏது விடுமுறை!

கைபேசியில் இருந்தது கிருசாந்தினியின் கல்யாணப் பக்கம். இணையப் பக்கம் செய்வதுதான் அவள் தொழில். தன் வரன் விபரத்தையும் தானே செய்திருந்தாள். நீலக் கோடு போட்ட ஒரு பெட்டி. உள்ளே அவள் படம், அம்மா படம், நாலு வரி விபரம். மூன்றாவது படம், சக்கர நாற்காலியில் அண்ணன் சுஜன், முழு உருவமாக. அது மட்டும் பாதிக்கு மேல் கோட்டுக்கு வெளியே தொங்கியது.

"எழுத்துக்குப் பக்கத்திலை மிதக்க விட்ட படத்தைப் பெட்டி கணக்கெடுக்காது அம்மா. எழுத்து முடிஞ்ச இடத்திலை அது மூடீடும்."

"என்ரை காலை வெட்டிவிடு, அடங்குவன்" என்றான் சுஜன், சோற்றை மென்றபடி.

"வாயை மூடடா!" சிவமலருக்குக் கண் கலங்கிவிட்டது. முழங்கால் தேய்ந்துவிட்டது, மகனைத் தூக்கி இருத்த இன்னும் எத்தனை வருடம் முடியும்? எங்கே கட்டிக்கொண்டு போனாலும் அண்ணாவும் கூடத்தான் என்று மகள் சொல்லிவிட்டாள். எந்த மாப்பிள்ளை சம்மதிப்பான்?

"அஞ்சு பேர் பாத்திட்டினம். நாலு பேர் உன்ரை சாதகம் கேட்டினம், சம்பளம் கேட்டினம். கால்சாப் பக்கம் சாப்பாட்டுக் கடையிலை குசினி வேலை செய்யிற றஞ்சித் என்ன கேட்டவன் தெரியுமே? 'தமையனை ஏன் வெளியிலை விட்டிருக்கிறியள்?' எண்டு. விசர்க் கதை! பேசிப்போட்டு போனை வச்சிட்டன்."

கைபேசி சிணுங்கியது. மிலானிலிருந்து விமலராஜ். கொம்பியூட்டர் எஞ்சினியர். சிவமலர் தினமும் பிள்ளையாரிடம் கேட்டுக்கொண்டிருந்த சம்பந்தம் அது.

"பாரடி! உன்ரை பக்கத்தை அவரே திருத்தி அனுப்பியிருக்கிறார். என்ன வடிவு!"

பெட்டி ஒழுங்காக மூடியிருந்தது. கோட்டுக்கு வெளியே எதுவுமில்லை. உள்ளே இரண்டே படங்கள். கீழே ஒரு குறிப்பு: 'அந்தப் பெரிய படத்தை எடுத்திட்டன். இனிப் பிரச்சினை இல்லை.'

சிவமலரால் மகனைத் திரும்பிப் பார்க்க முடியவில்லை. "தெரியாமல் செய்திருப்பார்..." என்று இழுத்தாள்.

"நிரலிலை ஒரே ஒரு வரி எழுதினால் போதும் அம்மா. பெட்டி விரிஞ்சு எல்லாரையும் உள்ளுக்கை எடுக்கும். எஞ்சினியருக்கு அது தெரியாதே?"

அவள் மடிக்கணினியைத் திறந்து தட்டினாள். நீலக்கோடு சட்டென்று கீழே இறங்கி, நாற்காலிச் சில்லையும் தாண்டி நின்றது.

"ஆகா, என்ரை காலும் வந்திட்டுது!" என்றான் சுஜன்.

"ஒரு வரிதான் வேலையெண்டால் ரெண்டு மாசமா ஏன்டி என்னைக் கத்த விட்டனி?"

"அந்த வரியை அழிச்சதே நான்தான் அம்மா, அண்ணாவை ஆர் கேக்கினம் எண்டு பாக்க" என்றாள் கிருசாந்தினி. "றஞ்சித்தின்ரை நம்பரைத் தாங்கோ."