பூனைக்கு வீடு பார்க்க வந்தவள்

அழைப்பு மணி அடித்தபோது அவன் படுக்கையறை அலமாரியைத் திறந்து வைத்துக்கொண்டு, எதை எடுத்துக்கொள்வது, எதை விட்டுவிட்டுப் போவது என்று மண்டையை உடைத்துக்கொண்டிருந்தான். பை முக்கால்வாசி நிறைந்துவிட்டது. சீக்கிரம் கிளம்பியாக வேண்டும்.

மணி விடாமல் அடித்தது. அக்கம்பக்கத்தார் எட்டிப் பார்ப்பது அவனுக்கு அறவே பிடிக்காது. பையின் ஜிப்பை இழுத்து மூடிவிட்டுப் போய்க் கதவைத் திறந்தான்.

கழுத்தில் அடையாள அட்டையும் கையில் மூடி போட்ட கூடையுமாக ஒருத்தி நின்றுகொண்டிருந்தாள். கூடைக்குள் ஏதோ முனகியது.

"பூனைக் காப்பகத்துலேர்ந்து வரேன் சார். மேடம் எங்ககிட்ட ஒரு பூனை கேட்டிருந்தாங்க. வீட்டைப் பார்த்துட்டுக் குடுக்கலாம்னு வந்தேன்."

"இன்னிக்கு வருவீங்கன்னு யாரும் சொல்லலையே?"

"சொல்லாம வர்றதுதான் சார் எங்க பழக்கம். சொல்லிட்டு வந்தா எல்லாரும் வீட்டைத் துடைச்சு வெச்சுட்டு, நல்ல பிள்ளையா உக்காந்திருப்பாங்க. நீங்க மேடத்தோட வீட்டுக்காரர்தானே?"

"பின்னே வேற யாரு?"

உள்ளே வரலாமா என்று கேட்டுக்கொண்டே வந்துவிட்டாள். தெருவில் அனாதையாகத் திரிந்த பூனை. கையில் கொடுத்துவிட்டு நடையைக் கட்ட வேண்டியதுதானே? பெண் கொடுப்பவர்கள்கூட இவ்வளவு துருவ மாட்டார்கள்.

"பகல்ல வீட்ல ஆள் இருப்பாங்களா சார்? எப்போ பூட்டிட்டுப் போவீங்க, எப்போ திரும்புவீங்க?"

"அதெல்லாம் எதுக்கு?"

"பூனை எவ்வளவு நேரம் தனியா இருக்கும்னு தெரிய வேண்டாமா? வெளியூர் போனா சாவியை யார்கிட்ட குடுப்பீங்க? நாய் இருக்கா? பால்கனிக் கதவு சரியா பூட்டுமா?"

அவனுக்கு விஷயம் விளங்கிவிட்டது. வீடு புகுந்து திருடுகிறவர்கள் எப்படி வேவு பார்ப்பார்கள் என்று அவனுக்கு யாரும் பாடம் எடுக்க வேண்டியதில்லை. காஸ் குழாய் சோதனை, கொசு மருந்து, தண்ணீர்த் தொட்டி என்று எல்லா வேஷமும் அவனுக்குத் தெரியும். இப்போது பூனை வரைக்கும் வந்துவிட்டார்கள்! அதுவும் இவ்வளவு பச்சையாகவா கேட்பது? அடையாள அட்டையில் போட்டோகூடக் கோணலாக ஒட்டியிருந்தது. இந்த அரைவேக்காட்டுக்குத் திருட்டு ஒரு கேடு.

இப்படிப்பட்டவள் இந்த வீட்டின் மேல் கண் வைக்கிறாளே என்று அவனுக்கு வயிறு எரிந்தது. ஆனால், விரட்டினால் வாசலில் நின்று கத்துவாள், கூட்டம் கூடும். நைச்சியமாகப் பேசி அனுப்பிவிடுவதுதான் நல்லது.

"வீட்ல எப்பவும் யாராவது இருப்பாங்க. என் மச்சான் போலீஸ்ல இருக்கார். தினமும் வந்துட்டுப் போவார்" என்றான், ஒரு அழுத்தம் கொடுத்து.

அவள் முகம் மலர்ந்தது. "அப்படியா! அவருக்குப் பூனை பிடிக்குமா சார்?"

வெட்கம் கெட்டவள். போலீஸ் என்றால்கூட அசர மாட்டேன் என்கிறாள்.

போனை எடுத்துக்கொண்டு ஒவ்வொரு ஜன்னலாகப் படம் பிடித்தாள். எதற்கு என்றால், ஆபீஸில் காட்ட வேண்டுமாம். ஆபீஸாம் ஆபீஸ்! கடைசியில் குளியலறைக்குள் போய் நின்றுகொண்டு கூப்பிட்டாள்.

"இங்க பாருங்க சார். ஜன்னல்ல கண்ணாடிப் பட்டை கழண்டு கிடக்கு. பூனை ஓடிடும். பூனை என்ன, ஆள் ஒல்லியா இருந்தா ஆளே உள்ள வந்துடலாம்."

'வழியையும் பார்த்து வைத்துக்கொண்டாயா?' என்று அவன் மனதுக்குள் பல்லைக் கடித்தான். "நாளைக்கே மாட்டிடறேன்" என்றான் வெளியே.

"அப்போ சரி. மத்தபடி வீடு பரவாயில்லை. இவனை விட்டுட்டுப் போறேன்" என்று கூடையைத் திறந்தாள். ஒற்றைக் காது பிய்ந்த கறுப்புப் பூனை ஒன்று இறங்கியது. அறையை ஒரு பார்வை பார்த்துவிட்டு நேராக அவனிடம் வந்து காலில் உரசியது.

"பாருங்க, பூனைக்கு ஆளைத் தெரியும். நல்லவங்ககிட்டதான் சார் அது போகும்" என்றாள். அவனுக்குச் சிரிப்பை அடக்குவது பெரும்பாடாகிவிட்டது.

"ஒரே ஒரு போட்டோ எடுத்துக்கறேன். பூனையும் வீட்டுக்காரருமா சேர்ந்து நிக்கணும். அது எங்க விதி."

போட்டோ என்றாலே அவனுக்கு ஆகாது. மறுக்கத்தான் வாயைத் திறந்தான். பிறகு யோசித்தான். பொய்க் காப்பகம், பொய் அட்டை. இந்த மோசடிக்காரி எடுக்கிற படம் எங்கே போய்விடப் போகிறது? இவளால் அதை யாரிடம்தான் காட்ட முடியும்? பூனையைத் தூக்கி மார்போடு அணைத்துக்கொண்டு, முப்பத்திரண்டு பல்லும் தெரியச் சிரித்தான்.

"பிரமாதம் சார்! ஒட்டிப் பிறந்த மாதிரி இருக்கீங்க" என்று சொல்லிக்கொண்டே அவள் போனைத் தட்டினாள். "மேடத்துக்கும் அனுப்பிட்டேன். ஆசையா கேட்டாங்க, பாவம். உடனே பார்த்துட்டாங்க."

போன் மினுங்கியது. பதிலைப் படித்தாள். முகத்தில் இருந்த சிரிப்பு கொஞ்சம் கொஞ்சமாக வடிந்தது. அவனைப் பார்த்தாள். மறுபடி போனைப் பார்த்தாள். பார்த்தபடியே வாசல் பக்கம் பின்வாங்கினாள்.

அவனுக்கு அப்போதுதான் உறைத்தது. அப்படியென்றால் காப்பகம் நிஜம். அட்டை நிஜம். இந்தச் சனியன் பிடித்த பூனையும் நிஜம். அதைக் கீழே உதறப் பார்த்தான். அது நகங்களை அவன் சட்டையில் ஆழமாக ஊன்றிக்கொண்டது.

"சார்" என்றாள் அவள், கதவில் கை வைத்தபடி. "மேடம் கேக்கறாங்க... 'எங்க வீட்டுக்காரர் இங்க என் பக்கத்துலதான் உக்காந்திருக்கார். பூனையை வெச்சிருக்கறது யாரு?'ன்னு."

அத்தனை கேள்விகளுக்கும் சளைக்காமல் பதில் சொன்னவன், இந்த ஒரு கேள்விக்கு மட்டும் பதில் சொல்லாமல், தான் உள்ளே நுழைந்து வந்த அந்தக் குளியலறை ஜன்னலைப் பார்த்து ஓடினான், பூனையோடு.