பச்சைப் பனியன்

சஃபியா அந்தப் பனியனைத் தோளில் போட்டுக்கொள்ளவில்லை. கழுத்துப்பட்டியை வெளிச்சத்துக்குத் திருப்பிப் பார்த்தார்.

"ஏனுங்க அம்மணி, அளவு சேருங்களா? இல்லைனா மாத்திக் கொண்டாறேனுங்க," என்றார் சென்னிமலை, கூப்பிய கையை இறக்காமல்.

கோவையின் அந்த அரங்கில் நான்கு நாட்டுத் தொழிற்சங்கங்கள் கூடியிருந்தன. பொன்னாடை வேண்டாம், நம் உழைப்பாளர் தைத்ததையே விருந்தினருக்குப் போர்த்துவோம் என்றவர் சென்னிமலைதான். அன்னூர்த் தையற்கூடச் சங்கத்தின் செயலாளர் அவர். ஏற்றுமதிக்குப் போக மிஞ்சிய உருப்படிகளை அந்தக் கூடத்திலிருந்தே மூட்டையாக வாங்கி வந்திருந்தார். பச்சை உடல், வெள்ளைக் கழுத்து. தாமும் ஒன்றை அணிந்திருந்தார்.

சற்று நேரத்தில் எல்லோரும் கைகோத்து, பழைய உறுதிமொழியைப் புதுப்பிக்க வேண்டும். ஒரு நாட்டில் வேலைநிறுத்தம் என்றால், அங்கிருந்து கைமாறி வரும் வேலையை மற்ற நாட்டார் தொடமாட்டார்கள்.

சஃபியா இலங்கையின் கட்டுநாயக்காவிலிருந்து வந்தவர். சென்ற ஐப்பசியில் அவரும் தோழியரும் சங்க உரிமை கேட்டு ஆலைவாசலில் அமர்ந்தனர். முதலாளி வேலையைக் கடல் கடத்தி அனுப்பிவிட்டார். அமர்ந்தவர்கள் பிறகு உள்ளே போகவேயில்லை. அந்த வேலை எந்த நாட்டுக்குப் போயிற்று என்பதும் அவர்களுக்குத் தெரியவில்லை.

அதே ஐப்பசியில் அன்னூரில் தையற்பொறிகள் ஓயாமல் ஓடின. தீபாவளி நெருங்கிய நேரம்; இரட்டைக் கூலி. இது யாருடைய வேலை என்று கேட்கக் கூடத்தின் வாசல்வரை போனார் சென்னிமலை. பெண்கள் சிரித்துக்கொண்டே வெளியே வந்தார்கள்.

கேளாமல் திரும்பினார்.

கேளாததை அறியாமை என்று சொல்லிக்கொண்டு, ஒவ்வொரு கிருத்திகையும் முருகன் முன் நின்று வந்தார்.

சஃபியா தையலைக் கட்டைவிரலால் நீவினார்.

"இந்தக் கழுத்து சரிவர எங்கட ஆலையில நாங்க எத்தினை தரம் பிரிச்சுப் பிரிச்சுத் தைச்சம், அண்ணன். உங்கட பிள்ளைகள் வடிவாத் தைச்சிருக்காங்க."

அச்சொல்லில் சினமில்லை. இருந்திருந்தால் சென்னிமலை தாங்கியிருப்பார்.

மேடைக்கு அழைத்தார்கள். சஃபியா பனியனை மடித்துத் தோள்பையில் வைத்தார். பிறகு வந்து சென்னிமலையின் பக்கத்தில் நின்று, கையை நீட்டினார்.

அவர் பற்றிக்கொண்டார்.

"தொடமாட்டோம்" என்றது அரங்கு. சஃபியாவின் குரல் காதருகே தெளிவாகக் கேட்டது.

சென்னிமலையின் உதடுகள் அசைந்தன, குரல் வரவில்லை.