இரண்டு சதுரத் துளைகள்

சொருகினாள். ஒன்றும் வரவில்லை.

உருவி, பக்கத்து ஓட்டையில் சொருகினாள். பென் டிரைவின் முனையில் எப்போதும் மினுங்கும் நீல விளக்கு இன்று எரியவே இல்லை.

மணி ஒன்பதரை. பதினொரு மணிக்கு அல்போன்சா டீச்சர் வருகிறார், தன் புது வீட்டின் பிளானைப் பார்க்க. ஓரத்தில் அவள் பெயர் போட்ட முதல் பிளான். டீச்சரின் தம்பி வேறொரு இன்ஜினீயரைக் கையோடு வைத்திருக்கிறான். இன்று காட்டாவிட்டால் அவ்வளவுதான்.

ஆயுத பூஜைக்கு முன்பு கம்ப்யூட்டர் படுத்துவிட்டது. எல்லாவற்றையும் அழித்துத்தான் சரிசெய்ய முடியும் என்றார்கள். இருந்ததையெல்லாம் இந்தப் பென் டிரைவில் ஏற்றி மேசை டிராயரில் வைத்துவிட்டு, கணவனோடு அம்மா வீட்டுக்குப் போனாள். நேற்று சாயங்காலம் கம்ப்யூட்டர் கடையிலிருந்து திரும்பி வந்தது. காலியாக.

கடைக்குப் போன் செய்தாள்.

"ஒருக்கா அணைச்சுட்டுப் போடுங்கக்கா."

அணைத்துப் போட்டாள். அதே கதை.

"ஏம்மா, டீச்சர் வீடு இன்னும் பொட்டிய விட்டு வெளிய வரலையா?"

வாசலிலிருந்து மாமனார். நாற்பது வருடக் கொத்தனார். பிளான் என்றால் அவருக்கு மனையில் சுண்ணாம்புப் பொடியால் போடுகிற கோடு. அவள் கம்ப்யூட்டரில் வரைவதை வேலை என்று அவர் ஒருநாளும் சொன்னதில்லை. பொம்மை வீடு என்பார்.

எட்டு மணிக்கெல்லாம் சாரத்தில் நிற்கிற மனிதர். பூஜை லீவு முடிந்து இன்றுதான் வேலை. ஆனாலும் பூஜைக்குக் கழுவிய வண்டியை இன்னும் துடைத்துக்கொண்டிருந்தார்.

பாட்டு ஏற்றிய பழைய பென் டிரைவ் ஒன்றைச் சொருகினாள். உடனே திறந்தது.

அப்படியானால் கோளாறு இதில்தான்.

போன் வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். இரும்பு முனையின் மேல் இரண்டு சதுரத் துளைகள். இரண்டிலும் மஞ்சளாய் ஏதோ அடைத்திருந்தது.

ஊக்கால் நெம்பினாள். பொடியாக உதிர்ந்தது. உள்ளே வரிசையாகத் தங்க நிறக் கோடுகள். அவற்றின் மேலும் அதே மஞ்சள், காய்ந்து ஒட்டியிருந்தது.

துரு இல்லை.

விரலில் தேய்த்து முகர்ந்தாள். சந்தனம். கூடவே ஒரு துளி சிவப்பு.

பூட்டாத டிராயர்தான். ஆனாலும் அதற்குள் சந்தனம் எப்படிப் போகும்?

சன்னல் வழியே வண்டி தெரிந்தது. அதில் மாட்டிய கருவிப் பையிலிருந்து வெளியே நீட்டியபடி பூசுகிற கரணையும் தூக்குக்குண்டும். இரண்டிலும் இன்னும் அழியாத சந்தனம், நடுவில் குங்குமம். கரணையின் மரப்பிடியில் இல்லை. இரும்பில். வேலை செய்கிற இடத்தில்தான் அவர் பொட்டு வைப்பார். தடித்த விரல். தாராளமாக அப்பியிருந்தது.

பூஜையன்று வீட்டில் அவர் மட்டும்தான்.

கம்ப்யூட்டரோ அன்று கடையில். அவள் வேலையென்று வீட்டில் இருந்தது இந்தப் பென் டிரைவ் மட்டும்தான்.

ஊக்கைக் கீழே வைத்தாள்.

பிறகு அழிரப்பரை மெல்லிய துண்டாக நறுக்கி, உள்ளே விட்டுத் தேய்த்தாள். ஸ்பிரிட் தொட்ட பஞ்சால் ஒற்றினாள். ஊதினாள். காய விட்டாள்.

சொருகினாள்.

நீலம் மினுங்கியது. டீச்சரின் வீடு திரையில் விரிந்தது. கூடம், இரண்டு படுக்கையறை, கிழக்கு பார்த்த வாசல்.

நிமிர்ந்தாள். மாமனார் துணியும் கையுமாக அறை வாசலில் நின்றிருந்தார். எவ்வளவு நேரமாகவோ.

"அது ஈரம் பட்டா கெட்டுப் போயிருமாம்மா?"

"இல்ல மாமா. சரியாயிருச்சு."

தலையை ஆட்டினார். வண்டிச் சாவியைத் தேடி மடியைத் தடவிக்கொண்டே திரும்பினார்.

"அடுத்த பூஜைக்குக் கம்ப்யூட்டர் வீட்லயே இருக்கும் மாமா."

அவர் நின்றார். திரும்பி வந்து கம்ப்யூட்டரை மேலும் கீழும் பார்த்தார். பின்பக்கம் எட்டியும் பார்த்தார்.

"இதுல இரும்பு எங்கிட்டு இருக்கு?"