மூன்றாவது குறிப்பு

பின்னேரம் அப்பா மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு என் லப்டொப்புக்கு முன்னால் வந்து உட்கார்ந்தார்.

அவர் கையில் மூன்று சாதகக் குறிப்புகள். மூன்றும் அக்காவுக்குப் பேசி வந்த மாப்பிள்ளைமாருடையவை.

பள்ளிக்கூடத்தில் உயர்தர வகுப்பில் நான் தகவல் தொழில்நுட்பம் படிக்கிறேன். வீட்டுக்கு உதவுகிற மாதிரி ஒரு புரோகிராம் எழுதிக்கொண்டு வரும்படி கேதீஸ்வரி ரீச்சர் சொல்லியிருந்தார். வகுப்பில் பாதிப்பேர் பிறந்தநாளை நினைவூட்ட எழுதினார்கள். நான் கலியாணப் பொருத்தம் பார்க்க எழுதினேன்.

அப்பாவுக்கு அது நன்றாகப் பிடித்துவிட்டது. சாத்திரியார் ஆளைப் பார்த்துப் பலன் சொல்லுவாராம். கம்பியூட்டர் ஆள் பார்க்காதாம்.

பார்க்கும். நான் பார்க்க வைத்திருந்தேன்.

மூன்றாவது குறிப்பு அளவெட்டி ஊர்ச் சயந்தனுடையது. அதைத் தரகர் கையில் சேர்ப்பித்ததே எங்கள் உதயகலா அக்காதான். இருவருக்கும் கனகாலமாக விருப்பம். அப்பாவுக்குத் தெரியாது. பொருத்தம் மட்டும் சரிவந்தால் மிச்சமெல்லாம் தானாக நடக்கும் என்று அக்கா நம்பியிருந்தாள்.

காலையில் இரகசியமாகப் போட்டுப் பார்த்தோம். பத்துக்கு மூன்று.

அக்கா மத்தியானம் சாப்பிடவில்லை. எனக்கும் பொறுக்கவில்லை. பெயர் கேட்கிற வரிக்குக் கீழேயே இரண்டு வரி செருகினேன். பெயர் சயந்தன் என்றால், ஒன்பது என்று காட்டு.

இரண்டு வருடமாக விடியற்காலையில் உள்ளீடு, செயன்முறை, வெளியீடு என்று தொண்டை கிழியக் கத்திப் பாடமாக்கியவள் நான். அந்தச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டுதான் அப்பா வெங்காயத்துக்குத் தண்ணீர் கட்டுவார். ஒருநாள் அது என்ன உள்ளீடு என்று கேட்டார். கிணற்றில் தண்ணீர் இல்லாமல் வாய்க்காலில் வராதுதானே என்று பெரிய ஆள்போல விளக்கினேன்.

படித்த படிப்பெல்லாம் கடைசியில் இந்த இரண்டு வரியில் வந்து நின்றது வெட்கமாக இருந்தது. கொஞ்சம் பெருமையாகவும் இருந்தது.

அப்பா முதல் குறிப்பை விரித்தார். கஜானன். பூரட்டாதி. கும்பம். அவர் வாசிக்க வாசிக்க நான் அடித்தேன். நான்கு.

அடுத்தது ஜெயசுதன். அத்தம். கன்னி. ஐந்து.

அப்பா உதட்டைப் பிதுக்கினார்.

மூன்றாவதை விரித்துச் சயந்தன் என்றார். அடித்த கையோடு என்ரர் விசையைத் தட்டினேன்.

ஒன்பது! வீடு முழுக்கக் கேட்கும்படி வாசித்தேன்.

குசினிக்குள் ஒரு சட்டிமூடி விழுந்து வாசல்வரை உருண்டு வந்தது. அதைத் துரத்திக்கொண்டு வந்த அக்கா எங்களைக் கண்டதும் மூடியை நெஞ்சோடு அணைத்தபடி நின்றுவிட்டாள். முகமெல்லாம் சிரிப்பு. அவளுக்கு மறைக்கத் தெரியாது.

அப்பா திரையைப் பார்த்தார். அக்காவைப் பார்த்தார். கையிலிருந்த குறிப்பையும் ஒருதரம் பார்த்துவிட்டு, நாலாக மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்தார்.

ஞாயிற்றுக்கிழமை பெடியன் வீட்டாரை வரச்சொல்லப்போவதாக அக்காவிடம் சொன்னார். அவள் மூடியோடு உள்ளே ஓடினாள். எனக்குச் சந்தோசம் தாங்கவில்லை.

அப்பா எழும்பினார். போகிற போக்கில் என் பக்கம் குனிந்தார்.

“பிள்ளை, நான் இன்னும் நட்சத்திரம் வாசிக்கேல்லை. உள்ளீடு இல்லாமலே வெளியீடு வந்திட்டுது. சோதினையிலை உப்பிடி எழுதிப்போடாதை.”