மாடிப்படி விளக்கு

பாகப்பிரிவினையில் எல்லாம் பிரிந்தது, மாடிப்படி பல்பைத் தவிர. கீழ்வீட்டில் தம்பி பாலுசாமி, மேல்வீட்டில் அண்ணன் நஞ்சப்பன். இருவருக்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

“பொழுதுவிழுந்து நான் கீழ லைட்டைப் போட்டா, அவரு மேல இருந்து அணைச்சுப்போடறாருங்க பாய். தெனமும் இதே ரோதனை” என்றார் பாலுசாமி.

எலக்ட்ரீசியன் அப்துல் வஹீது சிரிக்கவில்லை. “டூ-வே சுவிட்சுங்க. கீழ போட்டதை மேல அணைக்கறதுக்குத்தானுங்க அதை வெக்கறது.”

“மேல இருக்கறதைப் புடுங்கிப்போடுங்க. மீட்டரு எங்கூட்டுது.”

அண்ணன் மில்லுக்குப் போயிருந்த நேரம் பார்த்து வஹீது மேல் சுவிட்சைக் கழற்றி, ஒயரை முறுக்கி டேப் சுற்றினார். “இனிக் கீழ் சுவிட்சு ஒண்ணுதானுங்க வேலை செய்யும்.”

சாயங்காலம் பாலுசாமி படி விளக்கைப் போட்டுவிட்டு, ஜெயித்த முகத்தோடு டிவி முன் உட்கார்ந்தார். கொஞ்ச நேரத்தில் படி இருட்டானது.

கதவை மெல்லத் திறந்தார். இருட்டில், படியில், அண்ணியும் பாலுசாமியின் சம்சாரம் சரோசாவும் உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் ஒரு தட்டு சந்தகை.

“முந்தியெல்லாம் நீங்க மேல இருந்தே அணைச்சுப்போட்டு வந்துருவீங்க அக்கா” என்றாள் சரோசா. “இப்ப இவரு டிவியில மூழ்கற வரைக்கும் காத்திருந்து நான் அணைக்கோணும்.”

பாலுசாமி கதவைச் சத்தமில்லாமல் சாத்தினார்.

மறுநாள் காலையில் வஹீதின் கடை முன் போய் நின்றார்.

“மேல் சுவிட்சைத் திரும்ப மாட்டிப்போடுங்க பாய்.”

“அண்ணங்கூடப் பேசிட்டீங்களா?”

“அவருகூட நான் எதுக்குங்க பேசறேன்? பொம்பளைங்களுக்கு லைட்டை அணைக்கச் சிரமமா இருக்குதாமா.”