இயந்திரத்தில் பிழை

“சேர், உங்கட ஆள் திரும்பவும் வீட்டுக்காரரைச் சுட்டுப்போட்டார்.”

யோகநாதன் சொன்னபோது எஸ்.எஸ்.பி. திலகசேன தேநீர்க் கோப்பையிலிருந்து தலை நிமிரவில்லை. சுடப்பட்டவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அவர் சுவரை மறைத்து நின்ற பெரிய திரையில் இருந்தார். சுட்ட துவக்கிலிருந்து வந்தது வெறும் ஒளி.

குளிர்நாடு ஒன்று அன்பளிப்பாக அனுப்பிய பயிற்சி இயந்திரம் அது. சண்டை நடக்கும் நாட்டில் பொலிஸார் சனங்களோடு தன்மையாகப் பேசிப் பழகவேண்டும் என்று அங்கே யாரோ நல்ல மனிதர் முடிவெடுத்திருந்தார். திரையில் முதலில் வீட்டுக்காரரின் பெயரும் ஊரும் விழும்; பிறகு ஒரு வீட்டுக் கதவு திறக்கும். வெள்ளவத்தை நாகேந்திரமாக ஒரு நடிகர் கட்டிய சாரத்தோடு வெளியே வந்து, “நேற்றும் வந்து சோதித்தீர்கள், இன்றைக்கும் என்ன?” என்று சிங்களத்தில் சத்தம் போடுவார். எதிரே நிற்கும் பொலிஸ்காரர் பணிவாகப் பேசினால் அவர் தணிவார். அதட்டினால் அவரும் ஏறுவார். குரல் எவ்வளவு உயர்ந்தது, கை எப்போது துவக்குக்குப் போனது என்று பார்த்து இயந்திரமே புள்ளி போடும்.

இங்கே இதை இயக்கத் தெரிந்த ஒரே ஆள் கம்ப்யூட்டர் எஞ்சினியர் யோகநாதன். பண்பு கற்பிக்கும் அந்த மண்டபத்தின் வாசலில் தினமும் அவனைச் சுவரோடு நிறுத்தி, கையைத் தூக்கச் சொல்லித் தடவிப் பார்த்துத்தான் உள்ளே விட்டார்கள்.

“நாளைக்கு தூதுவர் அம்மா வருகிறார்,” என்றார் திலகசேன. மேடை இல்லாவிட்டாலும் மேடையில் நிற்பதுபோலவே அவர் ஆங்கிலம் பேசுவார். “ஒருவராவது பாஸ் பண்ணினாரா?”

“இன்னும் இல்லை, சேர். ஒருத்தர் பொல்லால அடிச்சுத் திரையும் கிழிஞ்சுது. இப்பதான் ஒட்டினனாங்கள்.”

“அப்படியென்றால் மெஷினில்தான் பிழை.”

“மெஷின் சரியாத்தான் சேர்…”

“என் ஆட்கள் கருணையுள்ளவர்கள். ஒவ்வொரு பௌர்ணமிப் போயாவுக்கும் தானம் கொடுப்பவர்கள். பிழை மெஷினில். திருத்தும்.”

“புள்ளியில கை வைக்கேலாது சேர். வெள்ளைக்கார நிபுணர் பூட்டி வைச்சிருக்கிறார்.”

“அது உம்முடைய பாடு. நாளைக்கு எல்லாம் நல்லபடி நடந்தால் உம்முடைய மச்சானின் விஷயத்தைப் பார்க்கிறேன். நடக்காவிட்டால் எனக்கு மச்சானையும் தெரியாது, உம்மையும் தெரியாது.”

மச்சான் என்பது யோகநாதனுடைய மனைவி அருந்ததியின் தம்பி. விசாவுக்காகக் கொட்டாஞ்சேனை லொட்ஜில் தங்கியிருந்தவன். ஞாயிற்றுக்கிழமை சோதனைக்கு வந்தவர்களிடம் அவனும், “நேற்றும் வந்தனீங்கள்தானே?” என்று கேட்டுவிட்டான். கட்டியிருந்த சாரத்தோடே ஏற்றிக்கொண்டு போனார்கள்.

பின்னேரம் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னதும் அருந்ததி பிடித்துக்கொண்டாள்.

“ஆளுக்கு ரெண்டு புள்ளி கூட்டிவிட்டா உங்களுக்கு என்ன குறைஞ்சு போகுது?”

“ஏலாதப்பா. பூட்டு.”

“என்ர தம்பியை உள்ளுக்கு வைச்சிருக்கிறவங்களுக்குப் போய்ப் பண்பு படிப்பிக்கிறியள். வெக்கமா இல்லையோ?”

“படிப்பிக்கிறது மெஷின். நான் சுவிச் போடுறவன்.”

“அப்ப அந்த வீட்டுக்காரனையாவது கொஞ்சம் பணிஞ்சு கதைக்கச் சொல்லுங்கோ.”

யோகநாதனுக்குச் சுருக்கென்று கோபம் வந்தது. “அவர் என்னத்துக்குப் பணிய வேணும்? அவற்ற வீடு, அவற்ற கதவு. நான் இவ்வளவு காலமும் வாய்க்குள்ள வைச்சிருக்கிறதைத்தான் அந்த மனுசன் வாய் திறந்து கேக்கிறார்.”

“வாய் திறந்த என்ர தம்பி எங்க இருக்கிறான் எண்டு பாத்தியள்தானே,” என்றாள் அவள்.

மறுநாள் எல்லாருக்கும் முன்னால் போய்ச் சற்றுநேரம் இயந்திரத்தோடு தனியே இருந்தான்.

விருந்தினர் வந்தார்கள். நிபுணர் முதல் வேலையாகத் தன் பூட்டைப் பரிசோதித்தார். புள்ளிகளில் ஒருவரும் கை வைக்கவில்லை என்று கண்டு திருப்தியாகத் தலையாட்டினார். திலகசேனவின் நெற்றி வேர்த்தது. முந்தினநாள் சுட்டவரே முதலில் வந்து நின்றார்.

திரையில் கதவு திறந்தது. சாரக்காரர் வழக்கம்போலச் சீறிக்கொண்டு வந்தார்.

பொலிஸ்காரரின் கை துவக்குப் பக்கமே போகவில்லை. “கோபிக்க வேண்டாம் மாத்தயா,” என்று மரியாதையாகச் சொன்னார். “உங்கள் இடத்தில் நானென்றாலும் இப்படித்தான் கத்துவேன். ஒரு நிமிடம் பார்த்துவிட்டுப் போய்விடுகிறேன். உள்ளே உங்கள் அம்மா படுத்திருந்தால் எழுப்ப வேண்டாம்.”

சாரக்காரர் தணிந்தார். முழுப் புள்ளி.

அடுத்தவருக்கும் முழுப் புள்ளி. திரையைக் கிழித்தவர் தொப்பியைக் கழற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு, வாசலில் செருப்பைக் கழற்றவா என்று கேட்டார். தூதுவர் அம்மா கைக்குட்டையால் கண்ணைத் துடைத்தார். நிபுணர் எழுந்து நின்று கைதட்டினார்.

“கருணை எங்கள் சீருடையின் நூலிலேயே இருக்கிறது,” என்று திலகசேன இந்த முறை உண்மையான மேடையிலேயே முழங்கினார். “அதைக் கண்டுபிடிக்க மெஷினுக்குத்தான் கொஞ்சக் காலம் எடுத்தது.”

எல்லாரும் போனபின் அவர் யோகநாதனின் தோளில் தட்டினார்.

“சொன்னேனா இல்லையா? பிழை மெஷினில்தான். என்ன திருத்தினீர்?”

“ஒரு வரிதான், சேர்.”

“கெட்டிக்காரன். நானும் சொன்ன சொல் தவறமாட்டேன். இப்போதே விடச் சொல்கிறேன்.” அவர் தொலைபேசியை எடுத்து எண்களை அழுத்தினார்.

அதே நடிகர், அதே சாரம், அதே கோபம். கதவு திறக்குமுன் திரையில் விழும் விபரத்தில் ‘நாகேந்திரம், வெள்ளவத்தை’ என்றிருந்ததை அழித்துவிட்டு, ‘நாணயக்கார, நுகேகொடை’ என்று சிங்களப் பெயரும் ஊரும் மட்டும் யோகநாதன் காலையில் அடித்திருந்தான்.

திலகசேன தொலைபேசியின் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்த முகமாகக் கேட்டார்: “மச்சானின் பெயர் என்ன?”