எண்பது டிகிரி

“தண்ணி கொதிச்சிருச்சு அக்கா. வேற போட்டுக் கொண்டு வாங்க.”

காலையிலிருந்து இது மூன்றாவது தடவை. ஆபீஸில் டீ போடும் அக்கா கோப்பையை எடுத்துக்கொண்டு திரும்பினாள். அதை அப்படியே அவர் தலையில் கவிழ்த்தால் என்ன என்று அவளுக்குத் தோன்றியது.

பர்ச்சேஸ் செக்‌ஷனில் இருக்கிற இந்த மனுஷன் முன்பெல்லாம் இப்படி இல்லை. இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்ட பால் டீயைக் கண்ணை மூடிக்கொண்டு ரசித்துக் குடிப்பவர். ஒரு திங்கட்கிழமை திடீரென்று கிரீன் டீ ஞானம் வந்துவிட்டது. கொதிக்கிற தண்ணீரை ஊற்றினால் கசக்குமாம். எண்பது டிகிரிதான் இருக்க வேண்டுமாம். ஒரு தெர்மாமீட்டரையும் வாங்கி வந்து அக்கா கையில் கொடுத்து, இரண்டு நிமிஷத்தில் இலையை வடிகட்டுவது வரை பாடம் எடுத்தார்.

அதோடு விட்டாரா? மேஜை மேஜையாகப் போய்ப் பிரசாரம். கொலஸ்ட்ரால் குறையும், இதயத்துக்கு நல்லது, தொப்பை கரையும் என்று ஆளுக்குத் தகுந்த மாதிரி எடுத்துவிட்டார். மேனேஜருக்குத் தொப்பை. முதலில் சிரித்தவர்கள் ஒவ்வொருவராக விழுந்தார்கள். இரண்டே மாதத்தில், இருபத்துமூன்று பேரில் பத்தொன்பது பேர் கிரீன் டீ. அவருக்கு ‘எண்பது டிகிரி’ என்று பெயரும் வைத்தாயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் மேனேஜர் அக்காவைக் கூப்பிட்டார். டீ மிஷின் வருகிறது, பதினைந்து நாள் வைத்துப் பார்த்துவிட்டு முடிவு செய்வோம் என்றார். மிஷின் நிலைத்தால் அவள் வேலை போகும் என்று அவர் சொல்லவில்லை. சொல்லவும் வேண்டியதில்லை.

அவள் மகளின் நர்சிங் படிப்பு இன்னும் ஒரு வருஷம் பாக்கி. இந்த ஆள் தினமும் குறை சொல்லிச் சொல்லியே என் வேலைக்கு உலை வைத்துவிட்டார் என்று மனதுக்குள் கரித்துக்கொட்டினாள்.

மிஷின் வந்தது. பொத்தானை அழுத்தினால் பால் டீ, காபி, கொதிக்கக் கொதிக்க வெந்நீர். எண்பது டிகிரி என்றால் அதற்குப் புரியாது.

முதல் நாளே எல்லார் முகமும் சுளித்தது. கிரீன் டீ வேப்பிலையாகக் கசந்தது. தண்ணீர் ஆறட்டும் என்று காத்திருந்தால் அதற்குள் மீட்டிங் வந்துவிடுகிறது. நான்காம் நாள் மேனேஜரே கோப்பையும் கையுமாக அக்காவைத் தேடி வந்தார். பத்தாம் நாள் மிஷின் வண்டியேறியது.

“உங்க கைப்பக்குவம் அதுக்கு வரலைம்மா. நீங்களே போடுங்க” என்றார் மேனேஜர்.

அக்காவுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி இருந்தது. உள்ளே போய் ஸ்டூலில் உட்கார்ந்து ஒரு பாட்டம் அழுதாள். மகளுக்கு போன் போட்டுச் சொன்னாள். முகத்தைக் கழுவிக்கொண்டு, பத்தொன்பது கோப்பைகளையும் தட்டில் அடுக்கினாள். எண்பது டிகிரி மேல் இருந்த கோபம்கூட அன்று எங்கேயோ போய்விட்டது.

அவர் கோப்பையை வாங்கி வைத்தார். அக்கம்பக்கம் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார்.

“அக்கா, நாளையிலேர்ந்து எனக்கு மட்டும் பால் டீ போட்டுடுங்க. ரெண்டு ஸ்பூன் சர்க்கரை. யாருக்கும் தெரிய வேண்டாம்.”

“கிரீன் டீதான் உடம்புக்கு நல்லதுன்னு நீங்கதானே சார் ஊரையே கூட்டினீங்க?”

“நல்லதுதான், யாரு இல்லேன்னா? எனக்குத்தான் வாயில வைக்க முடியல” என்றார் அவர். “அந்த மிஷின் வாங்கற ஃபைல் என் டேபிளுக்கு வந்த அன்னிக்கு நிறுத்தினது அக்கா, பால் டீ. மூணு மாசமாச்சு.”